ஏற்றத்தில் முக்குகிற மோட்டார்ஹோம்

வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: வண்டி பழசு, மேலே ஏற்றியிருக்கும் வீடு கனம், மேடு வந்தால் பின்னால் பத்து வண்டி வரிசை கட்டுகிறது. இன்ஜினிலிருந்து இன்னும் கொஞ்சம் கறக்க வழி உண்டா என்று கேட்டவர்களில் சிலருக்கு இங்கே பதில்.

கேள்வி: என்னுடையது டர்போ (காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும் விசிறி) இல்லாத 2.5 லிட்டர் டீசல். 75 குதிரைத்திறன் என்று பதிவில் இருக்கிறது. முழுச் சாமானோடு எடை 3,500 கிலோ. 6 சதவீத ஏற்றம் என்று பலகை போட்ட சாலையில் பெடலைத் தரையோடு மிதித்தாலும் 40ஐத் தாண்டவில்லை. டீசல் பம்பில் ஒரு ஸ்க்ரூவைத் திருகினால் பறக்கும் என்கிறார் நண்பர். திருகலாமா?

பதில்: இப்போதைக்கு அந்த ஸ்க்ரூ பக்கமே போகாதீர்கள். முதலில் ஒரு கணக்கு. 3,500 கிலோவை 6 சதவீத மேட்டில் 60 கி.மீ. வேகத்தில் ஏற்ற, மேட்டுக்கு மட்டும் சுமார் 34 கிலோவாட் வேண்டும். டயர் உருள 7, எதிர்க்காற்றைத் தள்ள 9. ஆக, சக்கரத்தில் 50 கிலோவாட். 75 குதிரைத்திறன் என்பது 55 கிலோவாட். கியர்பாக்ஸில் பத்தில் ஒரு பங்கு போனாலும் மிச்சம் ஏறக்குறைய அந்த 50 இருக்கும். அதாவது உங்கள் இன்ஜின் நல்ல நிலையில் இருந்து, சரியான கியரிலும் ஓட்டினால், அந்த மேட்டில் 60ஐ ஒட்டி ஏற வேண்டும். 40 கி.மீ.க்குத் தேவை வெறும் 30 கிலோவாட். ஐந்தில் இரண்டு பங்கு எங்கேயோ ஒழுகுகிறது. ஒழுகலை அடைக்காமல் மேலே ஊற்றிப் பயனில்லை.

ஆக்சிலரேட்டர் கேபிளில் ஆரம்பியுங்கள். சிரிக்க வேண்டாம், பழைய வண்டிகளில் மிக அதிகமாகக் கோட்டைவிடப்படும் இடம் இதுதான். இன்ஜினை அணைத்துவிட்டு, ஒருவரைப் பெடலை முழுக்க மிதிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பம்பின் நெம்புகோலைக் கையால் மேலும் தள்ளிப் பாருங்கள். இன்னும் 5 மில்லிமீட்டர் நகர்ந்தால்கூட கேபிள் தளர்ந்திருக்கிறது, அல்லது பெடலுக்கு அடியில் கூடுதலாகப் போட்ட மிதியடியும் ஒலித்தடுப்பு விரிப்பும் வழியை மறிக்கின்றன. கேபிளின் அட்ஜஸ்டரை இழுத்து, நெம்புகோல் அதன் தடுப்பைத் தொடும்படி வையுங்கள். கூடவே பெடலை விட்டதும் ஐட்லிங் தடுப்புக்கு முழுதாகத் திரும்புகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்தது டீசல் வரும் வழி. ஃபில்டரைப் புதிதாக மாற்றுங்கள். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு, டீசல் தாங்கும் ஒளிபுகும் குழாயைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். ஸ்டார்ட் செய்ததும் ஒன்றிரண்டு குமிழ் வந்தால் பரவாயில்லை. ரேஸ் செய்யும்போது நுரை நுரையாக ஓடினால் எங்கேயோ காற்று இழுக்கிறது. மாதக்கணக்கில் நின்ற வண்டியில் ரப்பர் குழாய்கள் இறுகி, கிளிப் இருக்கும் இடத்தில் வெடித்திருக்கும். டீசல் வெளியே சொட்டாது, காற்று மட்டும் உள்ளே போகும். அதனால்தான் இது கண்ணில் படுவதில்லை. குமிழும் இல்லை, இழுவையும் இல்லை என்றால் டேங்கைச் சந்தேகப்படுங்கள். அடியில் நீர் தேங்கிய டீசலில் பாசி போன்ற வழவழப்பு வளர்ந்து, உறிஞ்சு குழாயின் வலையை அடைக்கும். நிறுத்தி வைத்து 10 நிமிடம் கழித்து எடுத்தால் நன்றாக ஓடி, சில கிலோமீட்டரில் மறுபடி முக்கினால் அநேகமாக இந்த அடைப்புதான். சந்தேகம் தீர, டேங்கைத் தவிர்த்துவிட்டு, சாயாமல் கட்டிய 5 லிட்டர் கேனிலிருந்து நேராக ஃபில்டருக்குக் குழாய் கொடுத்து, ரிட்டர்ன் குழாயையும் அதே கேனில் விட்டு, நின்றபடி ரேஸ் செய்து பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் கோளாறு டேங்க் பக்கம்.

காற்று வரும் வழியும் முக்கியம். ஃபில்டர் மாற்றுவது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஃபில்டர் பெட்டியிலிருந்து முன்புறம் போகும் மடிப்புக் குழாய் கழன்று கிடந்தால், இன்ஜின் தன்னுடைய வெந்த காற்றையே உறிஞ்சும். காற்று 10 டிகிரி சூடேறினால் அதன் அடர்த்தி 3 சதவீதம் குறையும். டர்போ இல்லாத இன்ஜினில் அது அப்படியே இழுவையில் தெரியும்.

பிரேக்கை விட்டுவிடாதீர்கள். நெடுநாள் நின்ற வண்டியில் கைப்பிரேக் கேபிளோ வீல் சிலிண்டரோ இறுகி, ட்ரம்மை லேசாகக் கவ்விக்கொண்டே இருக்கும். மொத்தம் 20 கிலோ எடைக்குச் சமமான கவ்வல் போதும், 60 கி.மீ. வேகத்தில் 4 குதிரைத்திறனுக்கு மேல் தின்றுவிடும். 10 கி.மீ. தூரம் பிரேக்கை முடிந்தவரை மிதிக்காமல் ஓட்டி, தானாக உருண்டு நிற்க விட்டு, தொடாமலே சூட்டை அளக்கும் வெப்பமானியை ஒவ்வொரு சக்கர நடுவிலும் காட்டுங்கள். ஒரே அச்சில் இருக்கும் இரண்டு சக்கரத்துக்கும் 20 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சூடான பக்கத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் சரி, ஆனாலும் மந்தம் என்றால் பம்பு டைமிங், அதாவது டீசல் தெளிக்கப்படும் நேரம். டைமிங் பெல்ட் மாற்றும்போது ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டாலும் பல இன்ஜின்கள் ஸ்டார்ட் ஆகும், ஓடும், ஆனால் உயிர் இருக்காது. டைமிங் பின்தங்கினால் சத்தம் மென்மையாகி, குளிரில் வெண்புகை வரும், சைலன்சர் அதிகமாகச் சுடும். முந்தினால் கடகடவென்று அடிக்கும். சுழலும் ரகப் பம்புகளில் பின்பக்க நடு ஸ்க்ரூவைக் கழற்றி டயல் கேஜ் பொருத்தி, முதல் பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது பிளஞ்சர் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளப்பார்கள். கையேட்டில் அந்த அளவு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு சுத்தத்தில் கொடுத்திருக்கும். காதால் கேட்டு வைக்கிற வேலை இல்லை இது. இன்ஜெக்டர்களை டெஸ்ட் பெஞ்சில் போட்டு, திறக்கும் அழுத்தத்தையும் தெளிப்பையும் பார்ப்பதும் இதே சுற்றில் முடியட்டும். 1,50,000 கி.மீ. ஓடிய ஸ்பிரிங்குகள் தளர்ந்திருக்கும்.

இப்போது உங்கள் நண்பரின் ஸ்க்ரூ. அது முழுச்சுமை டீசல் அளவைக் கட்டுப்படுத்துவது. உள்ளே திருகினால் டீசல் கூடும். ஆனால் டர்போ இல்லாத இன்ஜினில் காற்றின் அளவு அப்படியேதான் இருக்கும். கம்பெனி வைத்த அளவே புகைக்குச் சற்றுக் கீழே இருப்பதால், கூடுதலாக ஊற்றும் டீசலில் பெரும்பகுதி கரும்புகையாகவும் சூடாகவும் போய்விடும். முழு மிதியில் புகையே தெரியாத வண்டியில் மட்டும் கால் சுற்றுக்குள் ஏதோ கொஞ்சம் கிடைக்கலாம். அதற்கு மேல் கிடைப்பது அடுப்புக்கரி மட்டும்தான்.

கேள்வி: எடையைக் குறைத்தால் உண்மையிலேயே தெரியுமா? மனைவி நம்ப மறுக்கிறார்.

பதில்: மேலே சொன்ன அதே மேட்டில், அதே 60 கி.மீ. வேகத்தில், 200 கிலோ குறைத்தால் சக்கரத்தில் சுமார் 3 குதிரைத்திறன் மிச்சம். ஒரு பைசா செலவில்லாத டியூனிங். தண்ணீர் டேங்க் 100 லிட்டர் என்றால் 100 கிலோ; போகிற இடத்தில் தண்ணீர் கிடைக்குமென்றால் 20 லிட்டரோடு கிளம்புங்கள். கழிவுநீர் டேங்கைக் காலி செய்யாமல் மலை ஏறுபவர்களும் இருக்கிறார்கள்! இருக்கைக்கு அடியில் உள்ள பெட்டிகளை ஒருமுறை முழுக்க வெளியே எடுத்து வைத்துப் பாருங்கள், போன வருடத்துச் சாமான்கள் பாதி கிடைக்கும். பிறகு வண்டியை எடைமேடையில் ஏற்றி, முன் அச்சு, பின் அச்சு என்று தனித்தனியாக எடை போடுங்கள். பின் அச்சு மட்டும் அனுமதித்த அளவைத் தாண்டியிருப்பது மிகச் சகஜம்.

சமதளத்தில் கதை வேறு. அங்கே எடையைவிடக் காற்றுதான் எதிரி. 90 கி.மீ.யில் காற்றுக்கு மட்டும் 31 கிலோவாட் கேட்கும் உயரமான வண்டி, 100இல் 42 கேட்கும். கூரைமேல் பெட்டி வைத்திருந்தால் இன்னும் மோசம்.

கேள்வி: 1990களின் டர்போ டீசல். பம்பு மெக்கானிக்கல் ரகம், கம்ப்யூட்டர் இல்லை. எல்லாம் சரிபார்த்தாயிற்று. பாதுகாப்பாக எவ்வளவு கூட்டலாம், எப்படி?

பதில்: "எல்லாம் சரிபார்த்தாயிற்று" என்பதில் டர்போ குழாய்களும் அடங்குமா? ஒரு சின்னச் சோதனை. முழு மிதியில் கரும்புகை, ஆனால் இழுவை இல்லை என்றால் காற்று கசிகிறது. டர்போவுக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையில் உள்ள குழாய்களின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், எண்ணெய்ப் பிசுக்குள்ள வெடிப்பு அகப்படும். டர்போ விசில் அடிக்கிறது, புகை துளியும் இல்லை, இழுவையும் இல்லை என்றால் காற்று வருகிறது, டீசல்தான் கூடவில்லை. மேனிஃபோல்டிலிருந்து பம்பின் தலைக்குப் போகும் விரல் தடிமன்கூட இல்லாத குழாய் வெடித்திருக்கும், அல்லது பம்பின் தலைக்குள் இருக்கும் ரப்பர் டயஃப்ரம் கிழிந்திருக்கும். இதைச் சரிசெய்ததுமே பலருக்கு "கூடுதல் பவர்" வந்துவிடும்.

கூட்டுவதற்கு முன் இரண்டு மீட்டர் மாட்டுங்கள். ஒன்று, அந்தச் சிறு குழாயில் கிளை எடுத்து டர்போ அழுத்த மீட்டர். இரண்டு, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில், டர்போவுக்கு முன்னால், துளையிட்டுப் பொருத்தும் வெப்ப மீட்டர். துளையிடும்போது இரும்புத்தூள் டர்போவுக்குள் போகக்கூடாது. மேனிஃபோல்டைக் கழற்றித் துளையிடுவதே சரி. இந்த இரண்டாவது மீட்டர் இல்லாமல் ஸ்க்ரூவைத் தொடுபவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. நீண்ட ஏற்றத்தில் 700 டிகிரியைத் தாண்டி நிற்கவிடக் கூடாது. சுத்தமான அலுமினியம் உருகுவதே 660 டிகிரியில்தான். பிஸ்டன் பிழைத்திருப்பதற்குக் காரணம் ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே வரும் குளிர்ந்த காற்றும் அடியில் படும் எண்ணெயும். அந்த இடைவெளியைத்தான் நீங்கள் தின்னப்போகிறீர்கள்.

வேலையின் வரிசை இது. முதலில் அழுத்தம் எவ்வளவு என்று அளவு எடுங்கள். இந்தக் காலத்து இன்ஜின்களில் பெரும்பாலும் 0.6 முதல் 1 பார் வரை இருக்கும், உங்கள் கையேட்டு எண்தான் கணக்கு. அதைவிடக் குறைவாக இருந்தால் முதலில் கையேட்டு அளவுக்குக் கொண்டு வாருங்கள். பிறகு முழுச்சுமை ஸ்க்ரூ: இருக்கும் நிலையைப் பெயிண்டால் கோடு போட்டு, லாக் நட்டைத் தளர்த்தி, எட்டில் ஒரு சுற்று உள்ளே. லாக் நட்டை இறுக்கி, ஐட்லிங் ஏறியிருக்கும் என்பதால் அதைத் தனி ஸ்க்ரூவில் இறக்கி, ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். புகையும் வெப்பமும் இடம் கொடுத்தால் இன்னொரு எட்டில் ஒன்று. மொத்தம் அரைச் சுற்றைத் தாண்ட வேண்டிய அவசியம் அநேகமாக வராது. அதிகபட்ச வேக ஸ்க்ரூவை மட்டும் தொடாதீர்கள். அது இன்ஜின் சிதறாமல் காப்பது.

கீழ் வேகத்தில் பிக்கப் மந்தமாக இருந்தால் பம்பின் தலையில் உள்ள 4 ஸ்க்ரூவைக் கழற்றி, டயஃப்ரம் எந்தத் திசையில் உட்கார்ந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டு வெளியே எடுங்கள். கீழே ஸ்பிரிங், அதற்குக் கீழே பல் வைத்த சக்கரம். சக்கரத்தைக் கீழே இறக்கினால் ஸ்பிரிங்கின் இறுக்கம் குறைந்து, டர்போ அழுத்தம் ஏற ஆரம்பிக்கும்போதே டீசல் கூடும். பல் எண்ணி, நாலைந்து பல் மட்டும். டயஃப்ரத்தின் கம்பி ஒருபக்கம் சரிந்த கூம்பு போலிருக்கும், அதனால் திசை மாற்றி மாட்டினால் மொத்த அளவே மாறிவிடும். குறித்துக்கொள்ளச் சொன்னது அதற்குத்தான்.

டர்போ அழுத்தம் எல்லை மீறாமல் காக்கும் வால்வான வேஸ்ட்கேட்டின் கம்பியை ஒரு சுற்று சுருக்கி அழுத்தத்தை 0.1 பார், மிஞ்சினால் 0.2 பார் ஏற்றலாம். அதற்கு மேல் போனால் ஹெட் கேஸ்கெட் கணக்குக் கேட்கும். உண்மையில் நல்ல செலவு என்றால் இன்டர்கூலர். 20 டிகிரிக் காற்றை 0.8 பாருக்கு அமுக்கினால் அது 100 டிகிரியை ஒட்டிச் சூடேறும். அதை 55 டிகிரிக்கு இறக்கினால் அதே அழுத்தத்தில் 10 சதவீதத்துக்கு மேல் கூடுதல் காற்று அடங்கும், எக்ஸாஸ்ட் வெப்பமும் இறங்கும். ஸ்க்ரூ திருகல் வெப்பத்தை ஏற்றும், இன்டர்கூலர் இறக்கும். எனவே இரண்டையும் சேர்த்துச் செய்வதே முறை. 10 முதல் 15 சதவீதக் கூடுதலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கிளட்ச் வழுக்குகிறதா என்று 4ஆவது கியரில் முழு மிதியில் பாருங்கள்: வேகம் ஏறாமல் இன்ஜின் சுற்று மட்டும் ஏறினால் கிளட்ச் போய்விட்டது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிப்பதும், புகைச் சோதனையில் தேறுகிறதா என்று பார்ப்பதும் இந்த வேலையின் பாகம்தான்.

கேள்வி: பெரிய 7.5 லிட்டர் வி-8 பெட்ரோல், கார்புரேட்டர். ஹெடர் (சிலிண்டருக்கு ஒன்றாகத் தனித்தனி எக்ஸாஸ்ட் குழாய்) போட்டால் எவ்வளவு கூடும்?

பதில்: ஹெடருக்கு முன்னால், விலை மலிவான ஒரு வேக்கம் மீட்டர் வாங்குங்கள். மேனிஃபோல்டில் இணைத்து, சூடான இன்ஜினை ஐட்லிங்கில் விட்டால் முள் 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவில் ஆடாமல் நிற்க வேண்டும். தாழ்ந்து ஒரே இடத்தில் நின்றால் இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருக்கலாம். ஒழுங்காகத் துடித்துத் துடித்து விழுந்தால் ஒரு வால்வைச் சந்தேகியுங்கள். பிறகு 2,500 சுற்றில் பிடித்து வையுங்கள். முள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் எக்ஸாஸ்ட் அடைத்திருக்கிறது, பெரும்பாலும் உள்ளே நொறுங்கிய கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அல்லது உள் தகடு சரிந்த சைலன்சர். அடைத்த குழாய்க்கு முன்னால் ஹெடர் போட்டு என்ன லாபம்?

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் டைமிங்கை முந்தச் செய்யும் எடைகள் துருப்பிடித்து இறுகியிருக்கின்றனவா பாருங்கள்: ரோட்டரைக் கையால் திருகி விட்டால் அது தானாகத் திரும்ப வேண்டும். 4 வாய் கார்புரேட்டரில் பின் இரண்டு வாய்கள் முழு மிதியில் திறக்கின்றனவா? பல வண்டிகளில் சோக் இணைப்பு சிக்கி அவை மூடியே கிடக்கும், அதாவது பாதி கார்புரேட்டரில் ஓட்டுகிறீர்கள். ஏர் ஃபில்டர் மூக்கில் குளிர்காலத்துக்கான கதவு ஒன்று உண்டு. அது சிக்கினால் வருடம் முழுக்க எக்ஸாஸ்ட் மேல் சூடான காற்றுதான் உள்ளே போகும்.

இவை சரியான பிறகு, கனமான வண்டிக்கு என் ஓட்டு ஹெடருக்கு இல்லை, டிஃபரென்ஷியலுக்கு. அதன் உள்ளே இருக்கும் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியனை 3.55 விகிதத்திலிருந்து 4.10 விகிதத்துக்கு மாற்றினால், அதே கியரில் சக்கர இழுவை 15 சதவீதம் கூடும். இன்ஜின் சுற்றும் அதே 15 சதவீதம் கூடும். ஓவர்டிரைவ் இல்லாத வண்டியில் நெடுஞ்சாலையில் அந்த இரைச்சலோடு வாழ முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஸ்பீடோமீட்டர் கியரையும் மாற்ற வேண்டும்.

கேள்வி: 2000ஆம் ஆண்டை ஒட்டிய காமன் ரெயில் டீசல் (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான உயரழுத்தக் குழாய், கட்டுப்படுத்தக் கம்ப்யூட்டர்). பவர் கூட்டும் பெட்டி மாட்டுவதா, சாஃப்ட்வேர் மாற்றுவதா?

பதில்: சாஃப்ட்வேர். மலிவான பெட்டிகளில் பல, ரெயில் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டி கம்ப்யூட்டரை ஏமாற்றுகின்றன. அது அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும். பம்பும் இன்ஜெக்டரும் அதன் விலையைக் கொடுக்கும். முறையாக எழுதிய சாஃப்ட்வேர் டீசலையும் டர்போ அழுத்தத்தையும் சேர்த்து நகர்த்தும், புகை வரம்பையும் மதிக்கும். எழுதுபவரிடம் "மோட்டார்ஹோம், முழு எடையில் 20 நிமிடம் ஏற்றத்தில் முழு மிதி" என்று சொல்லிவிடுங்கள். காருக்கு எழுதுவதை அப்படியே இதில் ஏற்றக்கூடாது. கார் முழு மிதியில் 10 விநாடி ஓடும், உங்களுடையது மலை முடியும்வரை ஓடும். அதற்கு முன் காற்றளவு சென்சாரையும், எக்ஸாஸ்ட் புகையில் கொஞ்சத்தை மறுபடி உள்ளே விடும் ஈ.ஜி.ஆர். வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: டீசல் குழாயில் காந்தம்?

பதில்: குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள்.

கேள்வி: 2,000 மீட்டர் உயரக் கணவாயில் மட்டும் என் டர்போ இல்லாத டீசல் அடம்பிடிக்கிறது. கீழே வந்தால் சரி.

பதில்: கோளாறு இல்லை. 1,000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் என்ற கணக்கில் காற்று மெலிகிறது. அங்கே உங்களிடம் இருப்பது ஐந்தில் நான்கு பங்கு இன்ஜின். டீசல் அதே அளவு போவதால் கரும்புகையும் வரும். பெடலைப் புகை அடங்கும் அளவுக்கு விட்டுப் பிடித்தால் வேகம் பெரிதாகக் குறையாது, சூடு குறையும்.

கேள்வி: ஏற்றத்தில் எந்தச் சுற்றில் ஓட்டுவது? டார்க் (முறுக்கு விசை) உச்சத்திலேயே வைக்கச் சொல்கிறார்கள்.

பதில்: அது செலவு மிச்சத்துக்குச் சொன்னது, ஏற்றத்துக்கு இல்லை. 75 குதிரைத்திறன் டீசல் ஒன்று 2,200 சுற்றில் 145 நியூட்டன் மீட்டர் தருகிறது என்று வையுங்கள்: அந்த இடத்தில் அது 45 குதிரைத்திறன்தான். 75 கிடைப்பது 4,000ஐத் தாண்டிய பிறகு. எனவே மேடு தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, 3,000 முதல் 3,500 சுற்றில் ஏறுங்கள். 5ஆவது கியரில் முக்க விட்டால் எக்ஸாஸ்ட் வெப்பமும் கியர்பாக்ஸ் சுமையும்தான் ஏறும். வெப்ப முள் நகர ஆரம்பித்தால் இன்னொரு கியர் குறைத்து பெடலையும் கொஞ்சம் தளர்த்துங்கள். வேகம் குறையும், ஆனால் தண்ணீர் பம்பு வேகமாகச் சுற்றும். உச்சிக்குப் போனதும் டர்போ வண்டியை உடனே அணைக்காமல், 2 நிமிடம் ஐட்லிங்கில் விட்டுவிட்டு அணையுங்கள்.